மைக்கின் முதுகுப்பக்கம்

"அக்கா, நான் என் விருப்பத்தோடதான் போறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. என்னைத் தேடாதீங்க. நான் நல்லாயிருப்பேன்."

நாலே வாக்கியம். ஐந்தாவது முறையாகப் போன் அதைச் சொல்லி முடித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த அக்காவின் உதடுகளும் கூடவே அசைவதைச் சைரன் பார்த்தான். மூன்று நாளில் அவளுக்கு அது மனப்பாடமாகியிருந்தது.

சைரன் என்பது அவன் ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் விழுந்த பெயர். வேலையை அவன் விட்டான். பெயர் அவனை விடவில்லை. வாயும் அப்படித்தான். எங்கே அமைதி கனக்கிறதோ அங்கே எதையாவது சொல்லிவைப்பான். அன்று காலை அந்தக் கூடத்தில் அவனுக்கே பேச்சு வரவில்லை.

"இன்னொரு தடவை போடுங்கம்மா," என்றார் பாஸ்.

பாஸ் என்று அவன் கூப்பிடும் அந்த அம்மாள், தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் டிரங்க்கால் இணைத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வில் சும்மா இருக்கத் தெரியாமல் துப்பறிய வந்துவிட்டவர். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். புது ஆட்கள் தூங்குகிறார் என்று நினைத்து அவர் முன்னாலேயே பொய் சொல்லி மாட்டிக்கொள்வது உண்டு.

போன் ஆறாவது முறையும் சொன்னது. பாஸ் கண் திறக்கவில்லை.

காணாமல் போனவள் தங்கை. முப்பத்தொரு வயது. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. அக்கா வீட்டிலேயே ஒரு அறையில் தங்கியிருந்தாள். பின்பக்கம் இருந்த சாமான் அறையைத் தட்டி ஒழுங்குசெய்து சின்ன ஒலிப்பதிவுக் கூடமாக்கி, கண் தெரியாதவர்களுக்காகக் கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துவந்தாள். திங்கள் காலை பதினொன்று பத்துக்கு, அக்கா வெளியே போயிருந்த நேரத்தில், தங்கையின் போனிலிருந்து அவளுக்கு இந்தக் குரல் வந்தது. பிறகு அந்தப் போன் அணைந்தது. அவ்வளவுதான். "மேஜரான பொண்ணு, சொந்தக் குரல், சொந்தப் போன். இதுல எங்களுக்கு என்னம்மா வேலை?" என்று புகாரை வாங்கிவைத்துக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

"பத்து மணி மாத்திரை," என்று ஒரு மென்மையான குரல் வந்தது.

அக்காவின் கணவர். கையில் தண்ணீர் டம்ளர், இன்னொரு உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரை. கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வீட்டின் பின்பகுதியில் சரக்கு அறை. அக்காவுக்கு இதயத்தில் கோளாறு. மூன்று வேளையும் மாத்திரை எடுத்துக்கொடுப்பது அவர்தான். அவள் விழுங்கும்வரை நின்றிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"நான் சொல்றது தப்பா இருந்தா மன்னிச்சுடுங்க மேடம்," என்றார். "அந்தக் குரலைக் கேளுங்க, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இல்ல? வீட்டுல பேசினதா தெரியல. ஏதோ வெறும் வீட்டுல நின்னு பேசியிருக்கா. யாரோ கூட இருந்திருக்கான். வயசுப் பொண்ணு, நமக்குச் சொல்லத் தயங்கியிருப்பா."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க சார்?" சைரன் கேட்டான்.

"கடையிலதான் தம்பி. நம்ம பொழப்பு அங்கதானே." பெருமூச்சு விட்டார். "அந்த ரூமைப் பார்த்துப் பார்த்து இவ அழறா. இவ உடம்புக்கு ஆகாது. அதான் மைக், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் கொடுத்துடலாம்னு ஆள் பார்த்தேன். ரெண்டு மணிக்கு வண்டி வருது. அதுக்குள்ள நீங்க பார்க்கணும்னா பார்த்துக்கங்க. எனக்கு அதுல கை வைக்கவே தெரியாது."

பாஸ் கண்ணைத் திறந்தார். "ரெண்டு மணிக்கா?" என்றார்.

*

பத்தடிக்கு எட்டடி அறை. சுவரெல்லாம் மேடுபள்ளமாகச் சாம்பல் நிற ஸ்பாஞ்சு. ஒரு பக்கச் சுவர் மட்டும் வெறும் பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப்புறம் மருந்துச் சரக்கு அறை.

"முதல்ல சின்னதா ஒரு மைக் வெச்சிருந்தா," என்றாள் அக்கா, வாசற்படியிலேயே நின்று. "கம்ப்யூட்டர்ல நேரா சொருகுறது. சுவத்துல முட்டை அட்டை. போர்வையைத் தலையோட போத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்து படிப்பா. வேர்த்து விறுவிறுத்து வெளிய வருவா. நான் திட்டுவேன், இட்லி மாதிரி வெந்து சாகப்போறடின்னு. ரெண்டு மாசம் முன்னாடிதான் எல்லாத்தையும் மாத்தினா."

மாற்றியது கண்ணுக்குத் தெரிந்தது. மேசையில் கனத்த இரும்புத் தாங்கி. அதில் ரப்பர் வலைக்குள் தொங்கும், முழங்கைப் பருமனில் ஒரு வெள்ளி மைக். அதன் முன்னால் மூச்சுக்காற்றைத் தடுக்கும் வட்டமான துணித் திரை. பக்கத்தில் இரண்டு திருகு வைத்த ஒரு பெட்டி, காதை முழுசாக மூடும் ஹெட்போன், கம்ப்யூட்டர். மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலி. அந்தப் பக்கம், பலகைத் தடுப்புக்கும் மேசைக்கும் நடுவே, ஒருவர் நிற்கும் அளவு இடம்.

சைரன் நாற்காலியில் உட்கார்ந்து, குச்சி ஐஸைச் சாப்பிடப் போகிறவன் போல மைக்கின் உச்சிக்கு வாயைக் கொண்டுபோனான். "வணக்கம். செய்திகள் வாசிப்பது, வேலையில்லாத ஆம்புலன்ஸ் டிரைவர்..."

"கையைத் தட்டு," என்றார் பாஸ்.

"என் செய்திக்கா?"

"தட்டுடா."

தட்டினான். பஞ்சில் அடித்ததுபோலச் சத்தம் அங்கேயே செத்தது.

"பார்த்தீங்களா பாஸ், இங்க எதிரொலியே இல்ல. சார் சொன்னது சரிதான். கிணறு வேற எங்கயோ இருக்கு."

"இருக்கலாம். இன்னொண்ணு சொல்லு. நீ இப்ப பேசினதுல எத்தனை தடவை மூச்சு இழுத்தே?"

"எண்ணிக்கிட்டா பாஸ் மூச்சு விடுவாங்க?"

"அந்தப் பொண்ணு நாலு வாக்கியம் பேசறா. வீட்டை விட்டுப் போற நேரத்துல. ஒரு மூச்சு இல்ல, எச்சில் முழுங்கல, ஒரு தும்மல், துணி உரசல், எதுவும் இல்ல. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவுல மயான அமைதி. நான் இருபத்திரண்டு வருஷம் மனுஷங்க பேசறதைக் கேட்டவ. செத்தவங்ககூட இவ்வளவு சுத்தமா பேசமாட்டாங்க."

வாசற்படியில் அக்கா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். பாஸ் தன் வார்த்தைக்குத் தானே வருந்தியவர் போல மைக் பக்கம் திரும்பி, மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அங்கேயே குனிந்து நின்றுவிட்டார்.

"இது என்னம்மா? சிவப்பா ஒரு புள்ளி. நகப்பூச்சு மாதிரி இருக்கு."

மைக்கின் உடம்பில், நாற்காலிக்கு எதிர்ப்பக்கம், மிளகளவு ஒரு சிவப்புப் பொட்டு.

"அவ நகப்பூச்சே போடமாட்டாளே," என்றாள் அக்கா. "கிளினிக்ல விடமாட்டாங்க."

சைரன் மேசை இழுப்பறையைத் திறந்தான். பேனா, கத்தரி, சுருட்டிய கம்பி, இவற்றோடு ஒரு நகப்பூச்சுப் புட்டி. மூடியைத் திறந்து பார்த்தால் கழுத்துவரை நிரம்பியிருந்தது. ஒரு விரலுக்குக்கூடச் செலவாகவில்லை.

"ஒரு பொட்டுக்கு ஒரு புட்டி வாங்கியிருக்கா," என்றார் பாஸ். "அப்ப அந்தப் பொட்டு முக்கியம்." மேசைக்குக் கீழே மைக் வந்த அட்டைப்பெட்டி இருந்தது. அதில் ஒட்டியிருந்த கடை விலாசத்தை ஒருமுறை படித்தார். "சைரன், வண்டியை எடு."

*

ஒலிக்கருவிக் கடை நடத்தியவருக்கு மார்புவரை தாடி. தங்கையின் போட்டோவைக் காட்டியதும் தாடிக்குள்ளேயே சிரித்தார்.

"போர்வை மேடமா? மறக்க முடியுமா? இங்க வந்து என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்களே!"

"எதுக்கு?"

"மைக் வாங்கிட்டுப் போன பத்தாம் நாள் வந்தாங்க. 'நீங்க கொடுத்தது ஓட்டை மைக். நான் பேசினா கிணத்துக்குள்ள இருந்து வருது, பக்கத்து ரூம்ல இருமினா காதுல இருமுற மாதிரி இருக்கு'ன்னு ஒரே சத்தம். ஒரு புத்தகம் முழுக்கப் படிச்சுட்டாங்களாம். அவ்வளவும் வீண். நான் கேட்டேன், 'மேடம், எந்தப் பக்கம் பார்த்துப் பேசினீங்க?' அவங்க, 'மைக்குக்கு ஏதுங்க பக்கம்?'"

சைரன் மெல்ல, "ஏன், இருக்கா?" என்றான்.

தாடிக்காரர் அலமாரியிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். "பழைய மைக்கை விட்டுட்டு இதுக்கு மாறுறவங்க பத்துல ஏழு பேர் பண்ற தப்பு இது. மேடையில பிடிக்கிற மைக் மாதிரி உச்சியில பேசுவாங்க. இல்லைன்னா திருப்பி மாட்டிடுவாங்க. ரெண்டு பக்கமும் ஒரே வலை, பார்த்தா வித்தியாசம் தெரியாது. ஆனா இதுக்கு முகம்னு ஒண்ணு, முதுகுன்னு ஒண்ணு. முகத்துக்கு எதிர்ல ரகசியம் பேசினாலும் கேட்கும். முதுகுல பேசினா நேரா வர்ற குரலைத் தள்ளிடும். சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற மிச்சம் மீதியைத்தான் வாங்கும். அதான் கிணறு."

"ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தாலுமா?"

"மெல்லிசான ஸ்பாஞ்சு கைதட்டலைத்தான் மேடம் முழுங்கும். மைக்கை ஏமாத்த முடியாது. நான் முகத்தைக் காட்டிக் கொடுத்தேன். அவங்க வெட்கப்பட்டு, 'இனிமே சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்'னு சொன்னாங்க. அடுத்த தடவை வந்தப்ப, முகத்துல சிவப்புப் பொட்டு வெச்சுட்டேன்னாங்க."

சைரனுக்கு அந்த மேசை நினைவுக்கு வந்தது. பொட்டு நாற்காலியைப் பார்த்து இல்லை. நாற்காலிக்கு எதிரே, ஒருவர் நிற்கக்கூடிய இடத்தைப் பார்த்து இருந்தது.

"அந்த வீணாப்போன பதிவை நீங்க கேட்டீங்களா?" பாஸ் கேட்டார்.

"கொண்டுவந்திருந்தாங்க. ஹெட்போன்ல போட்டுக் காட்டினாங்க. இவங்க குரல் கிணத்துல; பின்னாடி ஒரு ஆள் யார்கூடவோ போன்ல பேசறது, பக்கத்துல நின்ன மாதிரி. தேதி, லேபிள், பழசை உரிச்சுட்டுப் புதுசு ஒட்டுன்னு ஏதோ வேலைப் பேச்சு. நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல. ஹெட்போனைக் கழட்டாம அதே இடத்தை மூணு நாலு தடவை கேட்டாங்க. அப்புறம் காப்பி வரவழைச்சேன், குடிக்காமலே போயிட்டாங்க."

பாஸ் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். "ஒரே ஒரு கேள்வி. பேசினதுல மூச்சுச் சத்தமே இல்லாம பண்ண முடியுமா?"

"ஒரே பட்டன். சின்னச் சத்தம் எல்லாத்தையும் ஊமையாக்கிடும். பெரிய சத்தம் மட்டும் மிஞ்சும்."

"ஊமையான சத்தம் போனது போனதுதானா?"

"மூலப் பதிவுல அப்படியே இருக்கும் மேடம். திரையில அழிச்சாலும் உள்ள ஒரு ஃபோல்டர்ல கிடக்கும். புதுசா வர்றவங்களுக்கு இது தெரியாது; டிஸ்க் நிரம்பிப்போச்சுன்னு என்கிட்ட வந்து அழுவாங்க. இந்த மேடத்துக்கு நான்தான் காட்டிக் கொடுத்தேன்." தாடிக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், அவங்களுக்கு என்ன ஆச்சு?"

பாஸ் எழுந்துவிட்டார். ஃபோல்டரை எப்படித் திறப்பது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

வண்டியில் சைரன் வாயைத் திறந்தான். "முதுகுல பேசினா குரல் கெட்டுப்போகும்னு தெரிஞ்சவ, வேணும்னே முதுகுல பேசியிருக்கா. அப்படின்னா அவ தன் குரலைப் பதிவு பண்ண உட்காரல பாஸ்."

"ம்."

"எதிர்ல நின்ன ஆளைப் பதிவு பண்ண உட்கார்ந்திருக்கா."

"ஓட்டு," என்றார் பாஸ். "வண்டி வர ரெண்டு மணி ஆகும்னு அந்த மனுஷன் சொன்னதை நான் நம்பல."

*

நம்பாதது நல்லதாயிற்று. மணி ஒன்றேகால், வாசலில் சரக்கு வண்டி நின்றிருந்தது. ஒலிப்பதிவு அறைக்குள் இரண்டு ஆட்கள் ஸ்பாஞ்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு பத்து நிமிஷம் சார்," என்றார் பாஸ். "கம்ப்யூட்டர்ல அவ படிச்ச கதை ஏதாவது இருந்தா, உங்க மனைவி கடைசியா ஒருதடவை கேட்கட்டும்."

"கேட்கலாம் மேடம், ஆனா அதுல ஒண்ணும் இல்லையே. எல்லாம் காலி," என்றார் மருந்துக்கடைக்காரர்.

சொன்னது மிகச் சாதாரணமாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் கை வைக்கவே தெரியாது என்று காலையில் சொன்ன மனிதர் இவர் என்பது சைரனுக்குச் சட்டென்று உறைத்தது. பாஸின் முகம் மாறவில்லை.

"காலின்னா காலின்னு தெரிஞ்சுக்கட்டும். மனசு ஆறும்."

"சரி, சீக்கிரம். இவளுக்கு மாத்திரை நேரம் வேற," என்று அவர் உள்ளே போனார். வண்டி ஆட்கள் பீடி பிடிக்க வெளியே நகர்ந்தார்கள்.

சைரன் துண்டுத்தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தான். திரையில் உண்மையிலேயே ஒன்றுமில்லை. அதற்கு உள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. பெயர் தெரியாத ஒலிக் கோப்புகள் வரிசையாகக் கிடந்தன. கடைசிக் கோப்பின் நேரம் திங்கள், பத்து ஐம்பத்திரண்டு. நீளம் ஏழு நிமிடம். பதினெட்டு விநாடிப் பேச்சுக்கு ஏழு நிமிடம்.

ஹெட்போனை மாட்டினான்.

முதலில் நாற்காலி முனகல். பிறகு ஒரு ஆணின் கிசுகிசுப்பு. ரகசியக் குரலுக்கு ஆள் அடையாளம் கிடையாது என்பார்கள். அது அவன் காதுமடலில் மூச்சுப்படும் தூரத்தில் இருந்தது.

"போன்லயே பேசித் தொலையேன்."

கிணற்றுக்குள்ளிருந்து, எங்கோ தொலைவில், பெண் குரல்: "போன்ல அழுகை தெரிஞ்சுடும், அத்தான். இதுல பேசினா அப்புறம் எடுத்துடலாம்."

சைரன் பாஸைப் பார்த்தான். ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதோடு சேர்த்தான். இருவரும் கன்னம் ஒட்டக் குனிந்து கேட்டார்கள். நான்காம் நிமிடத்தில் பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஏழு நிமிடம் முடிந்ததும் தன் போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து, அந்தக் கோப்பைச் சப்-இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்.

"உங்களுக்கு இதயம் சரியில்லன்னு தெரியும். ஆனா இதை உங்ககிட்ட மறைச்சா, அந்த ஆளுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்ல. கேட்கறீங்களா?"

அக்கா தலையசைத்தாள். ஹெட்போன் அவள் காதை மூடியது.

சைரன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த நேரத்தில் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். 'சொல்லு. நான் என் விருப்பத்தோடதான் போறேன்.' அவள் புருவம் சுருங்கியது. 'அழாதே. அழுதா மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.' அவள் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அடுத்தது வரப்போகிறது என்று அவன் பல்லைக் கடித்தான். 'உன் அக்காவோட மாத்திரை மூணு வேளையும் என் கையாலதான் போகுது. ஒரு வேளை மாறிப்போனா யாருக்கும் தெரியாது. ஞாபகம் இருக்கட்டும்.'

அவள் அழுவாள், அல்லது மயங்குவாள் என்று ஒரு கையை நீட்டித் தயாராக நின்றான். அவள் இரண்டும் செய்யவில்லை.

"என்ன, காலிதானே?"

வாசலில் மருந்துக்கடைக்காரர். கையில் டம்ளர். உள்ளங்கையில் வெள்ளை மாத்திரை.

ஹெட்போனுக்குள் அந்த மனிதர் அப்போது வேறொருவருடன் போனில் பேசிக்கொண்டிருப்பார்: 'சிஸ்டர், ரெண்டாவது மாடி ரூம் காலியாச்சா? ஆமா, என் தங்கச்சிதான். நரம்புக் கோளாறு. ஊசி போட்டுத்தான் கூட்டிட்டு வரணும். பின் கேட்டைத் திறந்து வைங்க.' அக்கா கடைசிவரை கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஒரு கம்பிகூடச் சிக்காமல் மேசையில் வைத்தாள்.

"காலிதாங்க," என்றாள்.

மாத்திரையை வாங்கினாள். டம்ளரை வாங்கினாள். கையை வாய்க்குக் கொண்டுபோய்த் தண்ணீரைக் குடித்தாள். அவள் இடதுகை விரல்கள் மூடியே இருந்தன. இத்தனை வருட ஆம்புலன்ஸ் ஓட்டத்தில் இப்படி ஒரு நிதானத்தைத் தான் பார்த்ததில்லை என்று சைரனுக்குத் தோன்றியது.

"நான் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வர்றேன்," என்றாள். "கம்ப்ளெய்ண்டை வாபஸ் வாங்கணும்னா நான்தான் கையெழுத்துப் போடணுமாம். போனவ போயிட்டா. விட்டுடலாம்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன். நானும் வர்றேன்."

"வேணாம், வண்டி ஆளுங்க இருக்காங்க. உங்க போனை மட்டும் கொடுங்க. என்னோடதுல சார்ஜ் இல்ல."

ஒரு நொடி தயங்கினார். வாபஸ் என்ற வார்த்தை அவரை இளக்கியிருக்க வேண்டும். கொடுத்துவிட்டார். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"சைரன், நீ கூட்டிட்டுப் போ," என்றார் பாஸ். "இந்தத் தடவை சத்தமில்லாம ஓட்டு. நான் சாரோட பேசிக்கிட்டு இருக்கேன்."

வெளியேறும்போது அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பாஸ் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்திருந்தார். மைக் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை எப்போது போட்டார் என்று அவனுக்கே தெரியவில்லை.

"மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நில்லுங்க சார். ஒரு சந்தேகம். இந்த மைக் எந்தப் பக்கம் கேட்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

*

"எந்த ஆஸ்பத்திரின்னு அதுல சொல்லலியே அக்கா," என்றான் சைரன், தெருமுனை திரும்பியதும்.

"அவர் மருந்து கொடுக்கிற நர்சிங் ஹோம் மூணு. ரெண்டாவது மாடி இருக்கறது ஒண்ணுதான். நேரா போய் வலது பக்கம்."

சிறிது தூரம் போனபின் அவள் இடதுகையைத் திறந்தாள். வியர்வையில் ஓரம் கரைந்த வெள்ளை மாத்திரை. அதை ஒரு கைக்குட்டையில் முடிந்து அவன் பக்கம் வைத்தாள்.

"இதை யார்கிட்டயாவது கொடுத்து என்னன்னு பார்க்கச் சொல்லுங்க தம்பி. நல்ல மாத்திரையா இருந்தா எனக்குச் சொல்லுங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இல்லைன்னா சொல்ல வேண்டாம்."

சைரனுக்கு எதையாவது சொல்லி அந்த அமைதியைக் கலைக்க வேண்டும்போல் இருந்தது. நகைச்சுவையாக வந்த மூன்று வாக்கியங்களையும் முழுங்கிவிட்டு வண்டியை விரட்டினான்.

நர்சிங் ஹோமில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் வழி மறித்தாள். "அந்தப் பேஷண்டைப் பார்க்க யாரையும் விடக்கூடாதுன்னு அவங்க அண்ணன் சொல்லியிருக்கார். இங்க பாருங்க, உறவுமுறை: அண்ணன். கையெழுத்தும் இருக்கு."

"எங்க அப்பா அம்மாவுக்கு ரெண்டே பொண்ணுங்க," என்றாள் அக்கா. "நான் மூத்தவ. அவளுக்கு அண்ணனே கிடையாது. உங்க டாக்டரைக் கூப்பிடுங்க. போலீஸ் வர்றதுக்குள்ள அவர் என்னோட பேசினா அவருக்கு நல்லது."

நர்ஸ் பதிவேட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இரண்டாவது மாடியில் கடைசி அறை. ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. கட்டிலில் தங்கை ஒருக்களித்துக் கிடந்தாள். முழங்கையில் ஊசி குத்திய இடங்கள் நீலம் பாரித்திருந்தன. சைரன் நாடி பிடித்துப் பார்த்தான். மெதுவாக இருந்தது, ஆனால் ஒழுங்காக இருந்தது. காலையிலிருந்து முதல் முறையாக அவன் முழுசாக மூச்சு விட்டான்.

அக்கா கன்னத்தைத் தட்டினாள். பலமுறை தட்டியபின் இமை பிரிந்தது. கண் எதையும் பிடிக்கத் தெரியாமல் அலைந்து, கடைசியில் அக்காவின் முகத்தில் நின்றது.

"கேட்டியா?" நாக்கு குழறியது.

"கேட்டேன்டி. முழுசாக் கேட்டேன்."

"அவர்... சொல்லிக் கொடுத்தது?"

"எல்லாம்."

தங்கை சிறிது நேரம் கண்ணை மூடிக்கிடந்தாள். மறுபடி தூங்கிவிட்டாள் என்று சைரன் நினைத்தபோது, அவள் குரல் வந்தது. அது கிணற்றிலிருந்து வந்ததுபோல் இல்லை. உலர்ந்து, சன்னமாக, பக்கத்தில் இருந்தது.

"காலாவதியான மாத்திரை, புது லேபிள், எல்லாத்தையும் உன்கிட்ட நேராவே சொல்லலாம்னு ரெண்டு தடவை வந்தேன்க்கா. திரும்பிப் போயிட்டேன். கடைசில அவர்கிட்டயே கேட்டுட்டேன். சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

கீழே தெருவில் ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அக்காவின் கைப்பைக்குள் கணவரின் போன் அதிர்ந்தது; யாரும் அதைக் கவனிக்கவில்லை. பொய் சொல்லிவிடுங்கள் அக்கா, என்று சைரன் மனதுக்குள் வேண்டினான். இந்த ஒரு பொய்யை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

"மாட்டேன்," என்றாள் அக்கா. "உன்னோட சண்டை போட்டிருப்பேன். அவர்கிட்டயும் போய்ச் சொல்லியிருப்பேன்."

தங்கை தலையை மெல்ல ஆட்டினாள். அதில் கோபம் இல்லை.

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு," என்றாள்.

அக்கா கட்டிலுக்கு அடியில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து தேடினாள். இல்லை. தன் செருப்பைக் கழற்றி, தங்கையின் காலை ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் நுழைத்தாள். இரண்டு கால்களும் நுழைந்த பிறகும் அவள் நிமிரவில்லை. வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தாள்.